ஒன்பது இல்லாத பெட்டி

1

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துப்பாக்கியை நான் பார்ப்பதற்கு முன்னால் அதன் மேலிருந்த எண்தான் என் கண்ணில் பட்டது. ஆறு இலக்கங்கள். ஒன்றுகூட அடுத்ததோடு ஒரே கோட்டில் நிற்கவில்லை. நான்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. இதை மெஷின் அடிக்கவில்லை, யாரோ ஒரு ஆள் சுத்தியல் பிடித்து அடித்திருக்கிறான் என்று தோன்றிய அதே நொடியில், இதை வாங்கிவிட வேண்டும் என்றும் தோன்றிவிட்டது.

நான் ஜெர்மனிக்கு வந்து நான்கு ஆண்டுகள் நிறைந்த வாரம் அது. தெற்கே ஒரு சின்ன ஊரில், பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையின் அளவீட்டு அறையில் வேலை பார்க்கிறேன். ஊர் விளையாட்டு அரங்கில் சேகரிப்பாளர் சந்தை போட்டிருந்தார்கள். பழைய நாணயம், பதக்கம், தலைக்கவசம், அவற்றுக்கு நடுவே காவல்துறை கழித்துவிட்ட பழைய கைத்துப்பாக்கிகள். எல்லாமே இனி சுட முடியாதபடி குழலை அடைத்து, உள்ளே வெட்டி, வெல்டிங் வைத்து மூடியவை. கூடவே அதற்கான சான்றிதழ்.

எனக்குச் சுடுவதில் ஆசை கிடையாது. பட்டாசுச் சத்தத்துக்கே தோள் தூக்கிப்போடும். இரும்பின் மேல் அடித்திருக்கும் முத்திரைகளையும் எண்களையும் படிப்பதில்தான் எனக்குப் பைத்தியம். யார் செய்தது, யார் சோதித்தது, யார் கையில் இருந்தது என்று உள்ளங்கை அளவு இரும்பு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். இரண்டு வருடமாக இந்தச் சந்தைகளில் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மீஞ்சூரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"இன்னாடி இது? ஊட்டுக்குள்ள துப்பாக்கிய வச்சிக்கினு படுக்கப் போறியா?"

"இது சுடாதும்மா. அடைச்சிட்டாங்க."

"சுடாத துப்பாக்கிய எதுக்குடி வாங்குன? ஓடாத மிக்ஸிய வாங்குவியா நீ?"

துப்பாக்கியைக் கேமராவில் தெரியாதபடி நகர்த்தி வைத்தேன்.

2

பொறியியல் முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு வருடம் டிரெய்னியாக இருந்தேன். விடியற்காலை மீஞ்சூரில் ரயில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் பையை வைத்து ஒரு இடம் பிடித்துவிடுவேன். கவரைப்பேட்டையில் ஸ்டெல்லா ஏறுவாள். புதுவாயலில் இருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்திருப்பாள். தலை ஈரம் காய்ந்திருக்காது. ஏறும்போதே கத்துவாள்:

"பைய எடுடி, மகாராணி குந்தணும்!"

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. நான் கல்லூரியில் இருந்த நான்கு வருடமும் அவள் அந்தக் கம்பெனியில் இருந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். "எங்க ஊட்டுல கழுத்துல கார்டு மாட்னது நான்தான்டி ஃபர்ஸ்ட்டு" என்பாள். ரயிலிலேயே அதை எடுத்து மாட்டிக்கொள்வாள். கம்பெனி வாசலில்தான் அது தேவை என்று நான் சொன்னால், "உனக்கு இன்னா, நீ பொறக்கும்போதே கார்டோட பொறந்தவ" என்பாள்.

சரக்கு வெளியே போவதற்கு முன்னால் இருக்கும் கடைசி மேசை எங்களுடையது. ஒவ்வொரு ஷாஃப்ட்டின் தலையிலும் ஆறு இலக்க எண் ஒன்றை அடிக்க வேண்டும். எந்த உலையில் உருக்கிய எஃகு என்பதை அந்த எண்தான் சொல்லும். எண் அடிக்கும் மெஷின் வேறு ஷெட்டில் இருந்தது. எங்கள் மேசைக்கு வந்தது சுத்தியலும் ஒரு மரப்பெட்டியும்தான். பெட்டியில் விரல் நீளத்துக்கு 'பஞ்சு' என்று நாங்கள் சொல்லும் எஃகு அச்சுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு எண். முதல் நாள் திறந்து பார்த்துவிட்டு, "ஒன்பதைக் காணோமே" என்றேன். ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்ஜினியர் அம்மா, ஆறத் திருப்பிப் புடிச்சா ஒம்போது. அதுக்கு ஒரு பஞ்சு தனியா வேற குடுப்பாங்களா?"

ஆறுக்கு மேல்பக்கம் எது என்று குழம்பாமல் இருக்க, அந்தப் பஞ்சில் மட்டும் தன் சிவப்பு நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்திருப்பாள். பொட்டு தன்னைப் பார்த்தால் ஆறு, எதிர்ப்பக்கம் பார்த்தால் ஒன்பது. ஒரே அடியில் முடிக்க வேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் எண் இரட்டையாகிவிடும். "போச்சு, ரெட்டப் புள்ள" என்பாள்.

டங். டங். டங். நாளெல்லாம் அந்தச் சத்தம். எண்ணெய் வாசனை. பக்கத்து ஷெட்டில் இருந்து அனல். மதியத்துக்கு மேல் திடீரென்று கிழக்கிலிருந்து கடல் காற்று வந்து வியர்வையில் உப்பைத் தடவிவிட்டுப் போகும். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய பழவேற்காட்டு மீன் குழம்பு என் தட்டுக்கும், என் எலுமிச்சைச் சாதம் அவள் தட்டுக்கும் மாறும்.

இப்போது என் அளவீட்டு அறையில் கோடையோ குளிரோ எப்போதும் ஒரே வெப்பநிலை. வெள்ளைக் கையுறை. கண்ணாடிச் சுவர். யாரும் யாருடைய தட்டிலும் கை வைப்பதில்லை. ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் வீடு திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு வேலை நன்றாக நடந்தது என்று பெயர்.

3

துப்பாக்கியை அடையாளம் காண ஒரு வாரம் பிடித்தது. ஆஹா, எவ்வளவு நல்ல வாரம்! குழல் ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், காவலர்கள் இடுப்பில் வைத்த சிறிய வகை. மான்கொம்பு வடிவத்தில் சோதனைச்சாலையின் முத்திரை, பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம். பிடியின் கீழே கயிறு மாட்டும் வளையம். முனையில் கறுப்புப் பூச்சு வெளுத்துப் போயிருந்தது, தோலுறைக்குள் தினமும் போட்டு எடுத்ததில் உரசிய தேய்மானம். அதிகம் சுமக்கப்பட்டது, அதிகம் சுடப்படாதது. எல்லாம் காவல்துறைக் கதைதான் சொன்னது.

வாங்கிய இரண்டு வாரத்துக்குள் ஆயுத அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம், சுடாத துப்பாக்கியானாலும். படிவத்தை நிரப்பி, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அதிகாரி அம்மையார் ஒருவர். பதற்றத்தில் அவரிடம், "நீ இங்கே கையெழுத்துப் போடு" என்றேன். ஜெர்மனிலும் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. மீஞ்சூரில் பிறந்தவளுக்கு மரியாதைப் பன்மையைப் புதிதாகவா கற்றுக்கொடுக்க வேண்டும்? அவர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். பிறகு சான்றிதழையும் துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நான் செய்யாமல் விட்ட வேலை. நான் சாய்வை ரசித்தேனே தவிர, எண்ணைப் படிக்கவில்லை.

பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில் 241693, தொழிற்சாலை மெஷின் பொறித்தது. சான்றிதழிலும் எல்லாப் பாகங்களுக்கும் அதே 241693. ஆனால் மேலே நகரும் ஸ்லைடில், கையால் அடித்தது, 241663.

"ஸ்லைடு சட்டப்படி முக்கியப் பாகம்," என்றார் அவர். "தாளும் இரும்பும் ஒத்துப்போகவில்லை. இந்த எண்ணுள்ள ஸ்லைடு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரம் தருகிறேன். விளக்கம் தர முடியாவிட்டால் ஒப்படைத்துவிடுங்கள். உருக்கிவிடுவோம்."

உருக்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் லாரி லாரியாகப் பழைய இரும்பு உலைக்குப் போவதைப் பார்த்தவள். உள்ளே போன பிறகு எதற்கும் எண் கிடையாது.

4

சந்தையில் பழக்கமான ஹெர்பெர்ட்டிடம் காட்டினேன். ஓய்வுபெற்ற தபால்காரர். வீடு முழுக்கப் பழைய துப்பாக்கிகளும் அவற்றைப் பற்றிய புத்தகங்களும். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிடம் பார்த்தார். "இரண்டு துப்பாக்கிகளைப் பிரித்துச் சேர்த்த சரக்கு. விற்றவன் ஏமாற்றிவிட்டான். வருத்தமாக இருக்கிறது, பவானி," என்று காபி ஊற்றினார்.

எனக்கு நம்ப மனமில்லை. வேலை முடிந்த பிறகு அனுமதி வாங்கி, நுண்ணோக்கிக்குக் கீழே துப்பாக்கியின் ஸ்லைடை வைத்தேன். இலக்கங்களின் ஆழம், அகலம், சாய்வு என்று பதினான்கு படம் எடுத்தேன், கோணம் அளந்தேன், அட்டவணை போட்டேன். அட்டவணை அழகாக வந்தது. விளக்கம் மட்டும் வரவில்லை. மூன்று வாரம் போய்விட்டது.

நான்காவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒப்படைப்புப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னவோ தோன்றி, அந்த எண்ணின் படத்தை மட்டும் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: 'கையால் அடிச்சது. நம்ம மேசை ஞாபகம் வந்துச்சு.' அவளோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் வாரம் ஒரு முறை, பிறகு பண்டிகைக்கு, பிறகு அவள் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். அப்படியே தேய்ந்துவிட்டது.

இரண்டே நிமிடத்தில் அழைப்பு வந்தது.

5

"இன்னாடி ஜெர்மன்காரி, உசுரோடதான் கீறியா?"

"இருக்கேன்டி. நீ எப்படி..."

"அத்த வுடு. எவன்டி அது, நம்மள மாதிரியே ஒரு லூசு? ஆறு அடிச்சிட்டு பஞ்சத் திருப்பாமலே அடுத்தத அடிச்சிக்கீறான் பாரு!"

படத்தை விரலால் பெரிதாக்கி இரண்டு ஆறுகளையும் பார்த்தேன்.

"ஹலோ? கட் ஆயிடுச்சா? ஏய், 693தானே வரணும்? ஆறு அடிச்சிட்டான். அடுத்தது ஒம்போது. பஞ்சு கையிலதான் கீது, பொட்டிக்குப் போவத் தேவையில்ல. திருப்பணும். திருப்பல. டங். அவ்ளோதான். பாரு, ரெண்டு ஆறும் எவ்ளோ கிட்டக் கீது! மத்தது எல்லாம் தள்ளித் தள்ளிக் கீது."

693 வர வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

"உனக்கெப்படிடி தெரியும், 693னு?"

"நெஜமாவே ரெட்ட ஆறுன்னா பாத்து, தள்ளி வச்சி அடிப்பான். ஆறும் ஆறும் அப்பிடி ஒட்டிக்கினு வந்தா வேற இன்னா வரும்? உனக்கு மறந்து பூட்சா? நம்ம ஷாஃப்ட்ல நீயும் இதேதானடி அடிச்ச!"

மறந்துவிட்டேனா, மறந்துவிட வேண்டும் என்று இருந்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் கடைசி மாதம் அது. பஞ்சில் நகப்பூச்சுப் பொட்டு தேய்ந்து போயிருந்தது. நாற்பது ஷாஃப்ட். எண்ணின் நடுவில் ஆறும் ஒன்பதும் அடுத்தடுத்து வரும். மனம் விசா நேர்காணலில் இருந்தது. கை மட்டும் அடித்தது. நாற்பதிலும் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. வேறு உலையின் எண்ணாகிவிட்டது. வாங்குபவரிடம் போய் அங்கிருந்து திரும்பி வந்தது சரக்கு.

சூப்பர்வைசர் மேசைக்கு வந்து, "யாரு அடிச்சது?" என்றார். அந்த வாரம்தான் என் அனுபவச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடம் உறுதியாகாது. நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, அப்படி எழுதினால் பொய், நான் வாயைத் திறக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள், "நான்தான் சார்." அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல மீன் குழம்பை என் தட்டில் ஊற்றினாள். நானும் சாப்பிட்டேன்.

"ஸ்டெல்லா, அந்த மெமோவால உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இன்னா ஆவும்? குவாலிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு ரெண்டு தபா கேட்டேன். ஃபைல்ல மெமோ கீதுன்னு தள்ளிட்டான். நேத்து வந்த பையன் ஒருத்தன் எனக்கு மேல சூப்பர்வைசராக் குந்திக்கினு, அளவு பாக்குற வெர்னியரத் தலகீழாப் புடிக்கிறான். நான்தான் நேரா புடிக்கக் கத்துக்குடுத்தேன்." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். "ஏய், அழுவாத. எனக்குப் பேஜாரு. உன் துப்பாக்கி இன்னாவாச்சு சொல்லு."

சொன்னேன். புதன்கிழமை கெடு முடிகிறது, ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள் என்று.

"அடிப் பாவி, எவனோ பஞ்சத் திருப்பாததுக்குத் துப்பாக்கிய உருக்குவாங்களா? போயி சொல்லுடி. இது வேலையில நடக்குறதுன்னு சொல்லு. சாட்சி வேணும்னா என் மெமோவக் காட்டு."

பத்து நிமிடத்தில் மெமோவின் படம் வந்தது. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், நான்காக மடித்து, பத்திரமாக வைத்திருந்தாள். 'ஒன்பதுக்குப் பதிலாக ஆறு பஞ்ச் செய்யப்பட்டது. இனி கவனமாக இருக்க எச்சரிக்கப்படுகிறது.'

6

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்பு போட்டேன். கருவிக் கடையில் நம்பர் பஞ்ச் பெட்டி ஒன்று வாங்கினேன். இங்கும் ஒன்பது இல்லாத பெட்டிதான். கடையிலேயே திறந்து பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒரு எஃகுத் தகட்டில் சரியாகத் திருப்பிப் பத்து முறை, திருப்பாமல் பத்து முறை அடித்தேன். திருப்பாதவை எல்லாவற்றிலும் இரண்டு ஆறுகளும் நெருங்கி நின்றன. பிறகு ஸ்லைடின் படங்களை மீண்டும் பார்த்தேன். இரண்டு ஆறுகளின் வளைவிலும் ஒரே இடத்தில் ஒரே சின்னப் பிளவு. ஒரே பஞ்சு. மூன்று வாரமாக என் அட்டவணையில் அது இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

கடிதம் எழுதினேன். காவல்துறையின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மாற்று ஸ்லைடுகள் எண் இல்லாமல்தான் வரும். துப்பாக்கியின் எண்ணைப் பட்டறைக்காரர் கையால் அடிப்பார். இவர் ஒன்பதைத் திருப்ப மறந்தார். வேறு துப்பாக்கியின் ஸ்லைடாக இருந்தால் எண் மெஷினில் பொறித்ததாக இருக்கும். தகடு, படங்கள், சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றிய மெமோ, எல்லாவற்றையும் இணைத்தேன்.

புதன்கிழமை அதிகாரி அம்மையார் ஒவ்வொரு தாளாகப் படித்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் முதன்முறையாக ஆர்வம் தெரிந்தது. பிறகு மெமோவில் நின்றார்.

"இதே தவறை நீங்களே செய்திருப்பதால் உங்களுக்குத் தெரியும் என்று கடிதத்தில் இருக்கிறது. இந்த எச்சரிக்கையில் இருப்பது வேறு பெண்ணின் பெயர். எது சரி?"

"தவறு செய்தது நான். எச்சரிக்கை அவளுக்கு."

"ஏன்?"

ஜெர்மனில் இதற்கு என்னிடம் சொற்கள் இருந்தன. "நான் சொல்லவில்லை. அவள் என்னைக் காப்பாற்றினாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டார். "அப்படியானால் இந்தத் தாளும் தவறு. இதை அப்படியே கோப்பில் சேர்க்க என்னால் முடியாது. அடித்தது நீங்கள்தான் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிபுணருக்கு அனுப்புகிறேன்."

அங்கேயே, அவர் மேசையிலேயே எழுதினேன். நாற்பது ஷாஃப்ட், கடைசி மாதம், என் கை. கீழே என் பெயர். இரண்டு படி எடுத்து, முத்திரை குத்தி, ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நிபுணர் என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்லைடின் உள்பக்கத்தில் நான் பார்க்காத ஒரு பட்டறை முத்திரையையும் கண்டுபிடித்திருக்கிறார். பதிவில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஸ்லைடு காவல்துறைப் பட்டறையில் மாற்றப்பட்டது, ஒன்பது, ஆறாக அடிக்கப்பட்டுள்ளது.' துப்பாக்கி என் அலமாரியில் இருக்கிறது. ஹெர்பெர்ட் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் தான் சொன்னது தவறு என்பதைப் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

7

ஸ்டெல்லாவுக்குச் சொன்னபோது அவளுடைய மகள் பக்கத்தில் இருந்து, "யாரும்மா அது?" என்றாள். "உன் சித்திடி, ஜெர்மன்ல துப்பாக்கி வச்சிக்கினு கீது" என்றாள் இவள். குழந்தை கேமராவில் வந்து என்னை நம்பாமல் பார்த்துவிட்டுப் போனது.

என்னிடம் இருக்கும் முத்திரை குத்திய படியை, ஒரு கடிதத்தோடு கம்பெனி மேனேஜருக்கு அனுப்பப் போகிறேன் என்றேன்.

"லூசாடி நீ? இப்போ போயி எதுக்கு? அவனுங்க கேட்டுட்டு இன்னா பண்ணப் போறாங்க?"

"மெமோவ எடுக்கச் சொல்றேன்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எழுதுறதுன்னா இங்கிலீஷ்ல எழுது," என்றாள். "மேனேஜரு தமிழ் படிக்க மாட்டான். அப்புறம், அந்த ஜெர்மன் சீலு நல்லாத் தெரியிற மாதிரி வை. சீலப் பார்த்தாதான் பயப்புடுவானுங்க."

கடிதம் தயாராகிவிட்டது. ஒரே பக்கம். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் பதிவுத் தபாலில் போடுகிறேன். பதில் வராவிட்டால் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். வந்த மறுநாளே மீஞ்சூரில் ரயில் ஏறி, காலை ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே போகும் நேரத்தில் கம்பெனி வாசலில் நிற்பேன். இந்த முறை யார் அடித்தது என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.